பசியில்லாத தூண்டில்

கோடை விடுமுறை நெருங்கும் நாள்களில் நம் பழைய மாணவர்களிடமிருந்து வரும் மடல்கள் பெரும்பாலும் பயணத்தைப் பற்றியவையாகவே இருக்கும். தொழுகையைச் சுருக்கித் தொழ எத்தனை கல் தொலைவு வேண்டும், ஓடும் இரயிலில் கிப்லாவை எவ்வாறு அறிவது என்பன போன்ற வினாக்கள். ஒருமுறை எழுதிய விடையையே மறுமுறையும் எழுதி அனுப்பிவிடலாம். இவ்வாண்டு வந்த ஒரு மடல் அவ்வரிசையில் அடங்கவில்லை.

எழுதியவர் பவானி ஆற்றங்கரைச் சிற்றூர் ஒன்றில் பிறந்தவர். இப்போது வளைகுடா நாடொன்றில் பொறியாளராக இருக்கிறார். இரு வார விடுப்பில் மனைவி மக்களோடும் தாயாரோடும் நீலகிரிக்குச் சென்று ஏரிகளிலும் ஓடைகளிலும் ட்ரவுட் மீனுக்குத் தூண்டில் போடுவது. அங்கிருந்து இறங்கிக் காவிரிக் கரைக்குச் சென்று மஹ்சீர் என்னும் பெருங்கெண்டைக்குத் தூண்டில் போடுவது. இதுவே அவர் திட்டம். கோல், நரம்பு, உருளை, முள் எல்லாம் விலை கொடுத்து வாங்கியாயிற்று. "பிடிக்கும் மீனை அளந்து, படம் எடுத்து, மீண்டும் நீரிலேயே விட்டுவிடுவோம் ஹஜ்ரத். ஓர் உயிரும் சாகாது" என்று எழுதியிருந்தார். இந்த அளவில் மடல் முடிந்திருந்தால் நாம் நல்வாழ்த்துக் கூறியிருப்போம். ஆனால் அவருடைய தாயார் இத்திட்டத்தைக் கேட்டுவிட்டுச் சொன்னதையும் அவர் மறைக்காமல் எழுதியிருந்தார்: "ஒங்க அத்தா வயித்துக்குத் தூண்டி போட்டாரு. நீ எதுக்குடா போடப்போறே?"

கூலி வேலை கிடைக்காத நாள்களில் அவருடைய தந்தையார் பவானியில் தூண்டில் போட்டுக் குடும்பத்தின் உலையை ஏற்றியவர். அவரை நாமும் அறிவோம். மகனை மதரஸாவில் சேர்க்க வந்த அன்று, கையில் கொண்டுவர வேறொன்றும் இல்லாமல், வாழையிலையில் பொதிந்த இரண்டு விரால் மீன்களைக் கொணர்ந்து சமையற்காரரிடம் கொடுத்துச் சென்றார். அவர் மறைந்து ஆண்டுகள் பல ஆகிவிட்டன. தாயாரின் வினாவுக்கு என்ன விடை சொல்வதென்று தெரியாமல்தான் மகன் நமக்கு எழுதினார்.

முதலில், இரண்டே வரியில் விடை எழுதிவிடலாம் என்றே நாமும் எண்ணினோம். நீர்வாழ் வேட்டையைத் திருமறையின் ஐந்தாவது அத்தியாயம் இஹ்ராம் பூண்டவருக்குங்கூட ஆகுமாக்கியிருக்கிறது. 'ஃபாத்திர்' என்னும் முப்பத்தைந்தாவது அத்தியாயமோ, இனிய நீர், உவர் நீர் என இருவகை நீரையும் எடுத்துக்கூறி, இரண்டிலிருந்தும் மனிதர் புதிய இறைச்சி உண்பதை இறைவன் ஈந்த கொடையாகக் காட்டுகிறது. எனவே ஆற்று மீனுக்கும் கடல் மீனுக்கும் இடையே சட்டத்தில் வேறுபாடில்லை. அரபியில் 'பஹ்ர்' என்னும் சொல் கடலை மட்டுமன்றி நைல் போன்ற பேராற்றையும் குறிக்கும் என்பதை அம்மொழி கற்றோர் அறிவர். தானே செத்து மிதக்கும் மீனை ஹனஃபீ இமாம்கள் வெறுக்கின்றனர், ஷாஃபிஈ இமாம்கள் அனுமதிக்கின்றனர் என்பது போன்ற கிளைச் செய்திகளையும் சேர்த்து எழுதினால் ஃபத்வா முழுமை பெற்றுவிடும்.

ஆனால் அந்தத் தாயார் மீன் ஹலாலா என்று கேட்கவில்லையே! அது ஹலால் என்பது அவருக்குத் தெரியும். வாழ்நாளெல்லாம் அலசிச் சமைத்தவர். தூண்டில் எதற்கு என்பதே அவருடைய வினா. சட்ட நூல்களில் 'ஸைத்' என்னும் வேட்டைப் பகுதியைப் பலமுறை பாடம் நடத்திய நமக்கு அவ்வினாவின் கனம் தாமதமாகவே விளங்கிற்று.

தூண்டிலைப் பொழுதுபோக்காக்கும் வழக்கம் இம்மலைகளுக்கு ஆங்கிலேயரோடு வந்தது. சென்னை மாகாணத்தில் ஆட்சிப் பணி புரிந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் என்பார் இந்திய ஆறுகளில் தூண்டில் போடும் கலையைப் பற்றி 1873இல் பெருநூலொன்றை வெளியிட்டார். நீலகிரியின் குளிர்ந்த ஓடைகளைக் கண்டு தம் நாட்டு நினைவு வந்த அவர்கள், அங்கு ட்ரவுட் மீனைக் குடியேற்ற 1860கள் முதற்கொண்டு முயன்றனர். பலமுறை தோற்று, அவலாஞ்சியில் 1907இல் பொரிப்பகம் அமைத்த பின்னரே அம்முயற்சி நிலைபெற்றது. காஷ்மீரத்து ஆறுகளில் இன்றுள்ள ட்ரவுட்டும் இவ்வாறு கடல் கடந்து வந்த மீனே. நம் மாணவர் 'இயற்கை' என்று எண்ணி நாடிச் செல்லும் மீன் அங்கு விருந்தாளி என்பது அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

காவிரியின் பெருங்கெண்டையோ மண்ணின் மைந்தன். மைசூரைச் சேர்ந்த வான் இங்கன் குடும்பத்தார் ஒருவர் 1946இல் கபினி ஆற்றில் 120 இராத்தல் எடையுள்ள மஹ்சீரைப் பிடித்தார். ஏறத்தாழ 54 கிலோ! ஆள் எடையுள்ள மீன். அக்காலத்தார் பிடித்ததைக் கொன்று எடைபோட்டனர். பாடம் செய்து சுவரில் மாட்டியவரும் உண்டு. விடுதலைக்குப் பின் இம்மீன் அற்றுப்போயிற்று என்றே தூண்டிலாளர் பலர் எண்ணியிருந்தனர். 1977இல் இங்கிலாந்திலிருந்து வந்த இளைஞர் சிலர் காவிரியில் அதை மீண்டும் பிடித்துக் காட்டிய செய்தி பரவவே, பிற நாட்டாரும் வரலாயினர். கர்நாடகத்தில் பீமேஸ்வரி, காலிபோரே, தொட்டமாகளி ஆகிய கரைகளில் முகாம்கள் எழுந்தன. பிடித்த மீனை விட்டுவிடவேண்டும் என்பதே அங்கு விதி. கொன்று குவித்த தலைமுறைக்குப் பின், பிடித்து விடும் தலைமுறை வந்தது. இது மனிதர் தம்மைத் தாமே அடக்கிக்கொண்டதன் அடையாளம். இதைக் குறைத்து மதிப்பிட நாம் விரும்பவில்லை.

என்றாலும், 'ஓர் உயிரும் சாகாது' என்னும் சொல்லோடு விசாரணை முடிந்துவிடுமா?

உயிருள்ள எதனையும் குறி வைத்து எய்யும் இலக்காக்குவதை அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். கோழியொன்றைக் கட்டிவைத்து அம்பெய்து பழகிக்கொண்டிருந்த இளைஞர்களைக் கண்ட இப்னு உமர் (ரலி) அவர்கள், இவ்வாறு செய்வோரை நபிகளார் சபித்திருப்பதாக எச்சரித்தார்கள் என்பது முஸ்லிம் ஷரீஃபில் பதிவாகியுள்ளது. வீணுக்குக் கொல்லப்பட்ட சிட்டுக்குருவி மறுமையில் இறைவனிடம் முறையிடும் என்ற கருத்தில் நஸாயீயில் ஓர் அறிவிப்பு உண்டு. அதன் தொடரைப் பற்றி ஹதீஸ் கலையினர் பேசியிருக்கின்றனர் எனினும், உண்பதற்கன்றிக் கொல்லுதல் ஆகாது என்னும் அதன் கருத்தைச் சட்ட மேதைகள் ஏற்றே வந்துள்ளனர். 'நான் கொல்லவே இல்லையே' என்பார் நம் மாணவர். உண்மை. ஆனால் கோழியின் செய்தியில் கண்டிக்கப்பட்டது சாவு மட்டுமா? துடிக்கும் உயிரொன்று கைப்பழக்கத்துக்கும் களிப்புக்கும் கருவியாக்கப்பட்டதும் அன்றோ?

இவ்விடத்தில்தான் தந்தையின் தூண்டிலும் மகனின் தூண்டிலும் பிரிகின்றன. பசிக்காகத் தூண்டில் போடுபவனுக்கு மீனின் போராட்டம் ஓர் இடையூறு. அது விரைவில் கரை சேரவேண்டும் என்பதே அவன் வேட்கை; நரம்பு அறுந்தால் இரவில் பிள்ளைகள் பட்டினி. களிப்புக்காகத் தூண்டில் போடுபவருக்கோ அப்போராட்டமே சரக்கு. மீன் எதிர்க்காமல் இழுத்த இழுப்புக்கு வந்துவிட்டால் அவர் ஏமாற்றமடைகிறார். அது நெடுநேரம் போராடவேண்டும் என்பதற்காக மெல்லிய நரம்பைத் தேர்ந்தெடுப்போரும் உளர். எந்த மீன் எவ்வளவு நேரம் போராடிற்று என்பதே மாலையில் முகாமின் பேச்சு. மீனின் அச்சம் இங்கே செயலின் விளைவு அன்று. அதுவே நாடப்படும் பொருள். செயல்கள் எண்ணங்களைப் பொறுத்தவை என்னும் நபிமொழியை முதற்பாடமாக ஓதிய நமக்கு இவ்வேறுபாடு சிறியதாகத் தோன்றவில்லை.

மீனுக்கு வலி உண்டா என்று கேட்பவர் உண்டு. எடின்பரோவுக்கு அருகிலுள்ள ராஸ்லின் ஆய்வகத்தில் லின் ஸ்னெட்டன் என்னும் அறிவியலாரும் அவர் துணைவரும் 2003இல் வெளியிட்ட ஆய்வு இதே ட்ரவுட் மீனைப் பற்றியதே. தீங்கை உணரும் நரம்பு முனைகள் அதன் தலையிலும் வாயைச் சுற்றியும் இருப்பதை அவர்கள் கண்டனர். உதட்டில் தேனீ நஞ்சோ காடியின் அமிலமோ ஏற்றப்பட்ட மீன்கள் இரை எடுக்காமல் நெடுநேரம் கிடந்தன. சில தம் உதட்டைச் சரளைக் கற்களில் தேய்த்தன. இதை மனிதர் உணரும் வலியோடு ஒன்றாக வைக்கலாகாது என வாதிடும் அறிஞரும் உளர். அவ்வழக்கு இன்னும் தீரவில்லை. தீராத வழக்கில் நாம் எப்பக்கம் சாய்வது? வலி இல்லை என்று நம்பி நாம் தவறியிருந்தால் அத்தவற்றுக்கு விலை கொடுப்பது மீன். வலி உண்டு என்று நம்பித் தவறியிருந்தால் நாம் இழப்பது ஒரு மாலைப் பொழுதின் களிப்பு.

நாம் வியந்த செய்தி ஒன்று. தக்க காரணமின்றி முதுகெலும்புள்ள உயிருக்கு வலி விளைவிக்கலாகாது என்பது ஜெர்மனி நாட்டின் சட்டம். உண்பதற்குப் பிடிப்பது அங்கு தக்க காரணம். விளையாட்டுக்குப் பிடித்து விடுவது அவ்வாறு கருதப்படுவதில்லை. சுவிட்சர்லாந்து 2008இல் இயற்றிய விலங்குப் பாதுகாப்பு விதிகள், விட்டுவிடும் நோக்கத்தோடு மீன் பிடிப்பதை வெளிப்படையாகவே தடுக்கின்றன. பிடித்தால் உண், உண்ணாவிட்டால் பிடிக்காதே! நம் ஃபிக்ஹு நூல்களை ஓதாதவர்கள் வேறு வழியே நடந்து அதே வாசலுக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

இவ்வளவில் நாம் ஒரு முடிவுக்கு வந்துவிட்டதாகவே எண்ணியிருந்தோம். காவிரியின் கதையை முழுமையாகப் படித்தபோது அம்முடிவு சற்றுக் குலைந்தது.

காவிரி முகாம்களில் வழிகாட்டிகளாக இருந்தவர்களில் பலர், முன்பு வெடி வைத்தும் வலை வீசியும் அதே மீனைத் திருட்டுத்தனமாகப் பிடித்துவந்த கரையோர ஊரினர். உயிருள்ள மீனால் ஊதியம் வந்ததும் அவர்களே அதன் காவலராயினர். மேலும், முகாமில் பிடிபட்ட ஒவ்வொரு மீனும் குறிப்பேட்டில் எழுதப்பட்டது. காலிபோரேயில் 1998 முதல் 2012 வரை எழுதப்பட்ட அக்குறிப்புகளை, 6,000க்கு மேற்பட்ட மீன்களின் கணக்கை, ஆய்வாளர்கள் 2015இல் ஆராய்ந்து வெளியிட்டனர். அப்போதுதான் ஓர் உண்மை புலப்பட்டது. பிடிபட்டவற்றுள் பெரும்பாலானவை காவிரிக்கு அயலான நீலத்துடுப்பு மஹ்சீர். மீன்வளம் பெருக்கும் நல்லெண்ணத்தோடு பொரிப்பகத்தில் வளர்த்து ஆற்றில் விடப்பட்ட இனம் அது. காவிரிப் படுகையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத திமில் மஹ்சீரோ ஆண்டுக்காண்டு அருகி ஏறத்தாழ இல்லாமலே போய்விட்டது. அத்திமில் மீனுக்கு முறையான அறிவியற்பெயர்கூட இருக்கவில்லை. கேரளத்துப் பாம்பாற்றிலிருந்து 2007இல் 'டோர் ரேமாதேவி' எனப் பெயரிடப்பட்ட மீனும் இதுவும் ஒன்றே என்று 2018இல்தான் துணிந்தனர். அதே ஆண்டில் அது அழிவின் விளிம்பிலுள்ள இனமாக உலகப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அந்த அடையாளத்தை உறுதிசெய்ய உதவிய மீன்கள் கிடைத்த இடம் மோயாறு. மோயாறு பவானியில் கலக்கிறது. நம் மாணவரின் தந்தையார் தூண்டில் போட்ட அதே பவானியில்!

ஆக, விளையாட்டுத் தூண்டிலே அம்மீனைக் காத்தது. அது மறைந்துவருவதை உலகுக்கு அறிவித்ததும் அத்தூண்டிலின் குறிப்பேடே. வனவிலங்குச் சட்டத்துக்குப் புதிய பொருள் கொள்ளப்பட்டுக் காப்புக்காட்டுக்குள் தூண்டில் நிறுத்தப்பட்டபோது, காவலரும் குறிப்பேடும் சேர்ந்தே மறைந்தனர் என்று வருந்துவோரின் சொல்லில் நியாயம் இருக்கிறது. இதை மறைத்துவிட்டு ஃபத்வா எழுதுவது அறிவு நேர்மை ஆகாது. எனினும் ஒன்று. நன்மை விளைந்தது என்பதனால் விளையாட்டு வணக்கமாகிவிடாது. மீனைக் காப்பதற்கென்றே, கணக்கெடுப்பதற்கென்றே ஒருவர் தூண்டில் போடுவாராயின் அவர் வழக்கு வேறு. அவருக்குக் காரணம் இருக்கிறது. நம் மாணவர் கணக்கெடுக்கப் போகவில்லை. அயல் இனத்தை ஆற்றில் விட்டவர்களுக்கும் நல்லெண்ணம் இருக்கத்தான் செய்தது என்பதையும் நினைவில் வைக்கவேண்டும்.

இதனால், ஓய்வையே பழிக்கிறோம் என்று எவரும் கொள்ளற்க. உள்ளத்துக்கு ஒரு வேளை, இல்லத்துக்கு ஒரு வேளை என்று ஹன்ளலா (ரலி) அவர்களுக்கு நபிகளார் தெளிவுறுத்திய செய்தி நாம் அறிந்ததே. வளைகுடாவில் ஏழாவது மாடியில் வளரும் பிள்ளைகள் ஓடும் நீரின் அருகே ஒரு காலைப் பொழுது வாளாவிருப்பது அவர்களுக்கு மருந்து. ஆனால் வேட்டையைப் பின்தொடர்பவன் மறதிக்கு ஆளாவான் என்னும் கருத்தில் அபூதாவூதிலும் திர்மிதீயிலும் வரும் நபிமொழியைத் தூண்டில் போட்டுப் பார்த்தவர் எளிதில் மறுக்கமாட்டார். தக்கை சற்றே அசைந்தால் போதும், அஸர் நேரம் போய்விடும். இது நாம் அனுபவித்து அறிந்தது.

1980களில் நாம் ஓதிய மதரஸாவின் பின்புறம் காவிரியின் கிளை வாய்க்கால் ஒன்று ஓடிற்று. மாலையில் மூங்கிற் குச்சியும் மண்புழுவுமாக நாங்கள் நால்வர் அங்கே அமர்வோம். பிடிபடுபவை விரல் நீளம்கூட இல்லாத கெண்டைக் குஞ்சுகள். சமைக்க உதவா என்று கரையிலேயே எறிந்துவிட்டு வருவோம். ஒருநாள் தொழுகைக்கு வராத எங்களைத் தேடி உஸ்தாத் அங்கே வந்துவிட்டார்கள். அடி விழும் என்று அஞ்சினோம். அவர்களோ கரையில் கிடந்த குஞ்சுகளை ஒன்று விடாமல் பொறுக்கச் சொன்னார்கள். பதினேழு இருந்தன. சமையற்காரரிடம் கொடுத்துப் பொரிக்கச் செய்து, "பிடித்தவர்கள் தின்னுங்கள்" என்று எங்கள் தட்டில் இட்டார்கள். முள்ளும் கசப்புமாக அவற்றை விழுங்கிய அந்த இரவு இன்னும் நம் தொண்டையில் இருக்கிறது. அதன் பிறகு நாம் தூண்டில் போட்டதே இல்லை என்று எழுதினால் அது பொய். போட்டோம்; ஆனால் குஞ்சுகளை உயிரோடு நீரில் விட்டோம்.

இனித் திட்டத்தின் சில்லறைச் செய்திகள். ஏரிக்கரையில் வாங்கும் கட்டணத்தைப் பற்றி மாணவர் ஐயம் எழுப்பியிருந்தார். நீருக்குள் கிடக்கும் மீனை விற்பதும் வாங்குவதும் கூடாது. எவ்வளவு என்றும் எது என்றும் தெரியாத பொருளை விற்கும் ஏமாற்று அதில் உண்டு. ஆனால் கரையில் அமரவும் தூண்டில் போடவும் பெறும் அனுமதிக்குக் கட்டணம் செலுத்துவது மீனை வாங்குவதாகாது. நாள் முழுதும் ஒன்றும் கிடைக்காவிட்டாலும் பணம் திரும்ப வராது என்பதை இருதரப்பாரும் அறிந்தே ஒப்புக்கொள்கின்றனர். எனவே அதில் குற்றமில்லை. ஆளுக்கு இவ்வளவு என்று பணம் போட்டு, பெரிய மீன் பிடித்தவருக்கு மொத்தத்தையும் கொடுக்கும் போட்டிகள் அப்படியல்ல, அவை சூது. வள்ளுவர் சூதில் கிடைக்கும் வெற்றியை மீன் விழுங்கிய தூண்டில் முள்ளுக்கே ஒப்பிட்டார் என்பதை நினைக்கும்போது, அப்போட்டியில் மீன் எது, மனிதர் எவர் என்ற மயக்கம் நமக்கு உண்டாகிறது.

இரை பற்றி ஒரு சொல். விராலுக்குத் தவளைக் குஞ்சை உயிரோடு முள்ளில் கோத்துப் போடுவது நம் ஊர்களில் வழக்கம். மருந்துக்காகத் தவளையைக் கொல்ல அனுமதி கேட்ட மருத்துவருக்கே நபிகளார் தடை விதித்தார்கள் என்று அபூதாவூதில் வருகிறது. மருந்துக்கே ஆகாதது பொழுதுபோக்குக்கு எவ்வாறு ஆகும்? மீனைப் பிடித்ததும் கரையில் துடிக்க விடாமல் தலையில் ஓங்கித் தட்டி விரைவில் முடித்துவிடுவது நலம். மீனுக்கு அறுப்பு வேண்டியதில்லை என்று சட்டம் சொன்னது இலகுக்காக. இரக்கத்திலிருந்து விலக்களிப்பதற்காக அன்று.

இவற்றையெல்லாம் எழுதிய பின், மஹ்சீரை விட்டுவிடுக, விடுவதற்காகக்கூடப் பிடிக்காதீர் என்றும், உண்ணும் அளவுக்கு மட்டும், அருகாத மீனைப் பிடித்து, அன்றே சமைத்து உண்க என்றும், தாயாரின் வினாவுக்கு அவ்வகையில் உங்களிடம் ஒரு விடை இருக்கும் என்றும் எழுதி அனுப்பினோம். மூஸா (அலை) அவர்கள் இருகடல் கூடுமிடம் தேடிச் சென்ற பயணத்தில் உணவுக்கென எடுத்துச் சென்ற மீன் உயிர் பெற்று நீரில் வழி கண்டு போய்விட்டதை நினைவூட்டி, மீன் தப்பிய இடமே அவர்கள் தேடிய இடமாக இருந்தது, எனவே ஒன்றும் கிடைக்காவிட்டால் வருந்தற்க என்று வேடிக்கையாக ஒரு வரியும் சேர்த்தோம்.

ஒரு மாதம் கழித்து அவர் தொலைபேசியில் பேசினார். நீலகிரிக்குச் சென்றார்களாம், மலையைப் பார்த்துவிட்டு வந்துவிட்டார்களாம். காவிரிக்குப் போகவில்லை. சொந்த ஊரிலேயே, குத்தகைக்காரரிடம் சொல்லிவிட்டு, தந்தையார் அமரும் அதே பாறையில் மகனையும் மகளையும் அமர்த்தித் தூண்டில் போட்டிருக்கிறார். நான்கு ஜிலேபிக் கெண்டைகள் கிடைத்தன. அதுவும் ஆப்பிரிக்காவிலிருந்து வந்து நம் நீரெல்லாம் நிறைந்துவிட்ட மீன்தான். பிடித்தால் ஆற்றுக்கு இழப்பில்லை. தாயார் தாமே சாம்பலில் உரசிக் கழுவிக் குழம்பு வைத்தாராம். வேறொன்றும் சொல்லவில்லையாம், முதல் கண்டத்தை மகனின் தட்டில் வைத்தாராம்.

மகள் மட்டும் உண்ணவில்லை. ஒன்பது வயதுக் குழந்தை. "நான் பிடிச்ச மீன் என்னைப் பார்த்துச்சு" என்றாளாம். வற்புறுத்தி உண்ணச் செய்வதா, விட்டுவிடுவதா என்று கேட்டார். விட்டுவிடுங்கள் என்றோம். ஏன் என்று கேட்டார். தனியே எழுதுகிறோம் என்று சொல்லியிருக்கிறோம், இன்னும் எழுதவில்லை.